சாப்பாட்டுக்குக் கழிவு

என்னுடைய 2020ஆம் வருடத்துக் கணக்கு நோட்டில், ஜூலை மாதப் பக்கத்தில், ‘சாப்பாட்டுக்குக் கழிவு 1,400’ என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியது நான். யாரும் சொல்லி எழுதவில்லை. 2023இல் பயிர்க் காப்பீட்டுக்காக ஒரு பழைய உரக்கடை ரசீதைத் தேடியபோது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. அப்படி ஒரு வரி எழுதியதே அதுவரை எனக்கு நினைவில்லை. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. செய்த தவறு நெஞ்சில் கிடந்து அரித்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். மூன்று வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஊரில் இன்னும் சிலர் என்னைக் ‘கொரோனா நேரத்தில் சோறு போட்டவர்’ என்று வெளியாட்களிடம் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது, அது யாருடைய காசில் வந்தது என்பதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஊர் திருமானூருக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. பாலம் ஏறி இறங்கினால் திருவையாறு போகும் வழி, தஞ்சாவூர் மாவட்டம். இந்தக் கரை அரியலூர் மாவட்டம். அரியலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும்தான் நினைவுக்கு வரும். ஆற்றோரத்துத் திருமானூர் ஒன்றியம் அப்படி இல்லை. புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் இடம், போர் போட்டால் தண்ணீர் கிடைக்கும் இடம். சம்பா, அதை அடுத்து உளுந்து. தண்ணீர் வசதி உள்ளவர்களுக்குக் கோடை நெல், கரும்பு. பசி என்ற பேச்சே வரக்கூடாத மண். எனக்கு இங்கே ஆறு ஏக்கர்.

2020 பிப்ரவரியில் சம்பா அறுத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர இரண்டு நாள் களத்தில் காயவைத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டேன். சன்ன ரகம் குவிண்டாலுக்கு 1,905 ரூபாய். மார்ச் முதல் வாரத்தில் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘நெல் போட்ட பணம் இன்னும் வரவில்லை, அதனால்தான் கூலி நிற்கிறது’ என்று அப்போது பலரிடம் சொன்னேன். அது பொய்.

மார்ச் 16 திங்கள் முதல் 21 சனி வரை கோடை நெல்லில் களை பறிப்பு. 14 பெண்கள். காலை எட்டு மணிக்கு இறங்கினால் மதியம் இரண்டு மணி வரை குனிந்த முதுகு நிமிராது. ஆளுக்கு நாளைக்கு 150 ரூபாய். அதே வாரம் வரப்பு வெட்ட வந்த ஆண்களுக்கு 400. ஆண்களுக்கு அன்றன்றைக்கே கொடுத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் மறுநாள் வரமாட்டார்கள். பெண்களுக்குச் சனிக்கிழமை மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். அந்தச் சனிக்கிழமை, “சில்லறையா இல்ல, திங்கக்கெழம வந்து வாங்கிக்கங்க” என்றேன். மறுநாள் ஞாயிறு மக்கள் ஊரடங்கு. செவ்வாய் மாலை தமிழ்நாட்டில் 144 தடை. புதன்கிழமை நாடு முழுக்கக் கதவு சாத்தியாயிற்று.

ஆறு நாள், 14 பேர், 12,600 ரூபாய். அது என் பீரோவில் இருந்தது. நூறும் ஐம்பதுமாகவே இருந்தது. இந்த ஊரடங்கு எத்தனை மாதம் போகுமோ, கையில் ரொக்கம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த 14 வீடுகளிலும் அதே நினைப்பு இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஊர்ப் பையன்கள் சிலர், தினமும் சோறு பொங்கிக் கொடுக்கலாம் என்று வந்தார்கள். அவர்களில் ஒருவன் சென்னையில் வேலை பார்த்தவன். பெசன்ட் நகரில் தெருவோரமாகக் குளிர்ப்பெட்டி ஒன்றை வைத்து, மிஞ்சிய உணவை யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம் என்று 2017இல் ‘ஐயமிட்டு உண்’ என்ற பெயரில் தொடங்கினார்களே, அதைப் பார்த்தவன். நம்முடையதை உணவு வங்கி என்று சொல்லுவோம் என்றான். பெயர் எனக்குப் பிடித்திருந்தது. உலகின் முதல் உணவு வங்கி 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. ஜான் வான் ஹெங்கல் என்ற தொண்டர் தொடங்கினார். கடைக்காரர்கள் குப்பையில் போட்ட நல்ல உணவைப் பொறுக்கிவந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்துக்கு வங்கி இருப்பதுபோல இதற்கும் ஓரிடம் இருக்கலாமே என்று அவரிடம் சொன்னதிலிருந்து வந்த யோசனை அது என்பார்கள். வங்கி என்றால் போடுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர். எங்கள் வங்கியில் போட்டவன் நான், எடுத்தவர்கள் அவர்கள் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் திருமழபாடி நந்தி கல்யாணம் ஊர் கூடி நடக்கவில்லை. பங்குனியில் அந்தக் கூட்டத்துக்குப் புளியோதரையும் நீர்மோரும் கொடுக்க ஒதுக்கியிருந்த அரிசி மூட்டைகள் எங்களுக்கு வந்தன. கல்யாண மண்டபத்திலிருந்து அண்டாவும் கரண்டியும் வந்தன. ஏலாக்குறிச்சிப் பக்கமிருந்து ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை கத்தரிக்காயும் பூசணியும் அனுப்பினார். நான் 10,000 ரூபாய் கொடுத்தேன். பீரோவைத் திறந்து, அந்த நூறும் ஐம்பதுமான கட்டிலிருந்துதான் எண்ணிக் கொடுத்தேன்.

எழுதும்போது கை நிற்கிறது. எண்ணும்போது நிற்கவில்லை. களை பறித்த காசு என்று அந்தக் கட்டின் மேல் எழுதியா இருக்கிறது? பணம் என் பீரோவில் இருந்தது, ஆகவே என் பணம். அப்படித்தான் இருந்தது மனது.

எங்கள் தாத்தா தைப்பூசத்துக்குத் தைப்பூசம் வடலூருக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுபோனவர். 1867இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். சோறு போட்ட குடும்பம் என்ற பெருமை எனக்குள் ஊறியிருந்தது. நன்கொடைப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கினேன். தினமும் சுமார் 200 பொட்டலம். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவரை நிறுத்தி, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு கொடுப்பேன். மாலையில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “பெரிய காரியம் மச்சான்” என்று எழுதினார்.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அன்று தக்காளிச் சாதம். வரிசையில் அந்த அம்மா வந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். நான் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வயலில் இறங்கியவர். இப்போது எழுதும்போது ‘அந்த அம்மா’ என்று வருகிறது. நேரில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவரை ‘ஏ, இங்க வா’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ஐயா என்றார். எங்கள் தெருக்காரர்கள் அவர்கள் தெருக்காரர்களை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சோறு இருக்குதுங்கய்யா. ரேஷன் அரிசி வந்துடுச்சி. கவர்மெண்டு குடுத்த ஆயிரம் ரூவா மளிகைக் கடனுக்குப் போயிடுச்சி. அந்தக் களை பறிச்ச காசு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். புளி, மொளவா வாங்கணும். சுகரு மாத்திர தீந்து நாலு நாளாச்சி” என்றார்.

அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். என் பக்கத்தில் பையன்கள் நின்றார்கள். எனக்கு முகம் சுட்டது. “சோறு போடுற எடத்துல வந்து கணக்குப் பேசுறியே, வெக்கமா இல்ல? பசிக்குதுன்னா வாங்கு, இல்லன்னா நகரு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வரிசையில் பேச்சு நின்றது. பையன்களில் ஒருவன் சிரித்தான். அந்த அம்மா இரண்டு கைகளையும் நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். களை பறித்த 14 பேரில் இன்னும் ஐந்து பேர் அன்று வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாலையில் நான் போட்ட படத்தில் அந்த அம்மாவின் முகம் இருக்கிறது. அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. அழிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் நடுவில் அரசு, தனியாட்களும் அமைப்புகளும் நேரடியாக உணவு கொடுக்கக்கூடாது என்று சொன்னது. பிறகு, அதிகாரிகளுக்குத் தெரிவித்து நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று ஆனது. நடுவில் இரண்டு மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. ‘ஏழை வயித்துல அடிக்கிறாங்க’ என்று நான் கொதித்தேன். என் பீரோவில் மிச்சம் 2,600 ரூபாய் இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த எங்கள் மாவட்டத்துப் பையன்கள் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். அதுவரை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரியலூர் மாவட்டத்துத் தொற்று, சில நாட்களில் நூற்றுக்கணக்கில் ஏறிவிட்டது. அந்த அம்மாவின் தெருவுக்கும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைத் தனியே கொண்டுபோய்த் தங்கவைத்துவிட்டு, தெருவின் இரண்டு முனையையும் கம்பு கட்டி மறித்தார்கள். அந்தத் தெருவுக்குச் சோறு கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான். ஒன்பது நாள். கம்புக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்துவிடலாம் அண்ணே என்று ஒரு பையன் கெஞ்சினான். “அவங்களுக்குத்தான் ரேஷன் அரிசி இருக்கே” என்று அவன் வாயை அடைத்தேன். ஏப்ரலில் அந்த அம்மா அதே ரேஷன் அரிசியைச் சொன்னபோது என் காதில் ஏறவில்லை.

இந்த ஒன்பது நாளைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சோறு கொடுப்பதை நிறுத்த நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யாரும் என்னிடம் காரணம் கேட்கவும் முடியாது. கொடுத்தால் புண்ணியம், கொடுக்காவிட்டால் குற்றமில்லை. கூலி அப்படி இல்லை. கூலி கேட்டு வருகிறவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம், எத்தனை நாள், எவ்வளவு என்று கணக்குச் சொல்லலாம், தராவிட்டால் நாலு பேரிடம் சொல்லலாம். அந்த அம்மா அன்று வரிசையில் நின்றுகொண்டு என்னைக் கடன்காரனாக்கினார். நான் சத்தம்போட்டு மறுபடி தர்மவானாகிக்கொண்டேன். சோறு போட எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததற்கு அதுதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலையில், கோடை நெல் அறுத்த பிறகு, 14 பேருக்கும் கூலியைக் கொடுத்தேன். ஆளுக்கு 900 வரவேண்டும். 800 கொடுத்தேன். “அத்தன நாளு சாப்பாடு போட்டோம்ல” என்றேன். அதைத்தான் நோட்டில் கழிவு என்று எழுதினேன். அந்தச் சாப்பாட்டில் நந்தி கல்யாண அரிசி இருந்தது, ஏலாக்குறிச்சிக் கத்தரிக்காய் இருந்தது, ஊர்க்காரர்கள் பலருடைய காசு இருந்தது, பையன்களின் உழைப்பு இருந்தது. கழித்த 1,400 ரூபாய் அவர்களில் யாருக்கும் போகவில்லை. என் பைக்குத்தான் வந்தது.

அக்டோபரில் சம்பா நடவுக்கு ஆள் சொன்னபோது 13 பேருக்குச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, குனிய முடியவில்லை என்று கொத்துக்காரப் பெண்ணிடம் காரணம் சொன்னேன். மார்ச் மாதம் ஆறு நாள் குனிந்து களை பறித்தவர் அவர். அடுத்த வருடமும் சொல்லவில்லை. 2022 கார்த்திகையில் அவர் இறந்துபோனார். கேதத்துக்குப் போனேன். மாலை போட்டுவிட்டு உடனே வந்துவிட்டேன்.

பசி எதனால் வருகிறது என்று என்னைக் கேட்டிருந்தால் அந்த நாட்களில் சரளமாகப் பதில் சொல்லியிருப்பேன். டீக்கடையில் சொல்லவும் செய்தேன். சம்பாதிப்பதையெல்லாம் ஆம்பளைகள் டாஸ்மாக்கில் கொடுக்கிறார்கள். இலவச அரிசியால் சோம்பேறியாகிவிட்டார்கள். நூறு நாள் வேலை வந்து வயலுக்கு ஆள் வருவதில்லை. எங்கள் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் மூன்று காரணம் இவை. குடி பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் என் வயலில் களை பறித்த 14 பேரில் குடிப்பவர் ஒருவரும் இல்லை. அவர்களுடைய கூலியை டாஸ்மாக் எடுத்துக்கொள்ளவில்லை.

இலவச அரிசியைப் பற்றி நான் சொன்னதுதான் பெரிய பொய். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இருக்காது. அந்த வீடுகளிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவார்கள். அப்பா ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் நெல் அளப்பார். அறுப்பில் கழித்துக்கொள்வார். அளந்ததைவிடக் கூடுதலாகவே கழிப்பார். தையில் அறுப்புக்கு முதல் ஆளாக எங்கள் வயலுக்குத்தான் வந்தாக வேண்டும். ரேஷன் கடையில் அரிசி வந்த பிறகு அந்த வாசல் காலியாயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்று நாங்கள் புலம்பியது அதன் பிறகுதான். பசிக்குப் பயந்து வரும் ஆள் கிடைக்கவில்லை என்பதை அப்படிச் சொன்னோம். கழிவு என்ற அந்தச் சொல்லையும் நான் அப்பாவிடம்தான் கற்றேன்.

அரிசி இருக்கிறதே, பிறகு ஏன் வரிசையில் நின்றார்கள்? எங்கள் உணவு வங்கி நடந்த நாட்களில் இந்தக் கேள்வியை நான் வேறு தொனியில் கேட்டிருக்கிறேன். பொங்கிய சோறு எல்லா வீட்டிலும் இருந்தது. தொட்டுக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. ரேஷனில் பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர். அது பத்து நாள் வந்தால் அதிகம். காய், முட்டை, பால், மாத்திரை, புளி எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். மாதக் கடைசியில் வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடிக்கும் பெண்ணைப் பார்த்து யாரும் பட்டினி என்று சொல்லமாட்டார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விலையில்லா அரிசி தரும் மாநிலத்தில் பாதிக்கு மேல்.

அந்த ரொக்கம் கூலியிலிருந்துதான் வரவேண்டும். கூலிக்கான நாட்களோ குறைந்துகொண்டே போகின்றன. இருபது பேர் ஒரு நாள் முழுக்க அறுத்த ஏக்கரை எந்திரம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நானும் எந்திரத்தில்தான் அறுக்கிறேன், அதை விட்டுவிட முடியாது. மிஞ்சியது நடவும் களையும். அதனால்தான் ஒரு வாரக் களைக் கூலி அவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. எனக்கு அது பீரோவில் ஒரு கட்டு. அவர்களுக்கு அது இரண்டு மாதத்துக் குழம்பு.

வங்காளத்தில் 1943இல் வந்த பஞ்சத்தை அமர்த்திய சென் ஆராய்ந்து 1981இல் எழுதினார். அதில் 20 முதல் 30 லட்சம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்கிறார்கள். அரிசியே இல்லாமல் போனதால் அவர்கள் சாகவில்லை, அரிசியை வாங்கும் வழி அவர்கள் கையைவிட்டுப் போனதால் செத்தார்கள் என்பது அவருடைய முடிவு. அதிகம் செத்தவர்கள் நிலமில்லாத விவசாயக் கூலிகள். இதை நான் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தவன், மதிப்பெண்ணும் வாங்கினேன்.

கீழவெண்மணியும் எனக்குத் தெரியும். அன்றைய கீழத்தஞ்சையில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் ஊரில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதை எத்தனையோ கூட்டத்தில் கேட்டு மனம் வெந்திருக்கிறேன். அந்தப் பண்ணையார்கள் வேறு சாதி மனிதர்கள், கொடியவர்கள், நானோ ஆறு ஏக்கர் சம்சாரி என்று இருந்தேன். நான் செய்ததை அந்தக் கொலையோடு சேர்த்து வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் அரைப்படியை மறுக்கும்போது ஒரு மனிதனுக்குள் என்ன ஓடும் என்பது இப்போது எனக்குத் தெரியும். கேட்டவள் யார், கேட்கலாமா, அதுவும் நாலு பேர் முன்னால் கேட்கலாமா என்பதுதான் ஓடும். நெல்லைப் பற்றிய எண்ணமே வராது.

2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி தமிழ்நாட்டில் பல வாரமாக வராமல் நின்றது. வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது அந்த வேலைக்கான சட்டம். ஆயிரம் கோடிக்கு மேல் நிலுவை என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டீக்கடையில் எல்லோரும் டெல்லியைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். நானும் வாயைத் திறந்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டேன். எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் என் 14 பேரில் ஒருவருடைய மகன் இருந்தான். என்னிடம் நின்ற கூலி வர நான்கு மாதம் ஆயிற்று, அதுவும் குறைந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

2023 ஆவணியில், அந்த நோட்டைப் பார்த்த மறுவாரம், ஆளுக்கு நூறு ரூபாயை உறையில் போட்டுக்கொண்டு போனேன். வட்டி சேர்க்கலாமா என்று யோசித்தேன், அது இன்னொரு தானம்போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு அம்மாவும் இதற்குள் இறந்திருந்தார். அவர் வீட்டில் மருமகள் வாங்கிக்கொண்டாள். சிலருக்கு எந்த நூறு என்றே புரியவில்லை. ஒருவர் மட்டும் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்பவே தெரியுங்கய்யா. கேட்டா, அந்தக் கெழவிக்கு நடவு சொல்லாம விட்ட மாதிரி எங்களையும் விட்டுடுவீங்களேன்னுதான் பேசாம இருந்தோம்.” கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எனக்கே நினைவூட்டுவதுபோலச் சொன்னார். பேசியவரை நான் முதல்முறையாக ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து.

அந்த அம்மாவின் வீடு பூட்டியிருந்தது. மகன் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான். எண்ணை வாங்கிப் பேசினேன். “நூறு ரூபா அனுப்பணும்ப்பா” என்றேன். “எதுக்குங்கய்யா?” என்றான். எனக்கு வாய் வரவில்லை. “சும்மாதான், பெறகு பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். பிறகு பேசவும் இல்லை. அவன் இதைப் படித்தால் எதற்கு என்று தெரிந்துகொள்ளட்டும். அந்த நூறு ரூபாயோடு, இரண்டு சம்பா நடவுக்கு உன் அம்மாவைக் கூப்பிடாமல் விட்ட கூலியும் என் கணக்கில் இருக்கிறது தம்பி.

இப்போது என் வயலில் சனிக்கிழமைக் கணக்கு கிடையாது. கரையேறும்போதே கூலி. ஆனால் பெண்களுக்கு 300, ஆண்களுக்கு 600. நாற்று பறிக்க இரண்டு பேரும் ஒரே நாற்றங்காலில்தான் இறங்குகிறார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டிக் கொடுத்தால் பக்கத்து நிலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சம்பா நடவுக்கும் 300தான் கொடுத்தேன்.